பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். பத்து நாள் வாசிக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கட்டளை. நாற்பது வருடம் தபால் இலாகாவில் எழுத்தோடு எழுத்தாகக் கிடந்தவனுக்கு வாசிக்காமல் இருப்பது பட்டினி கிடப்பது போலத்தான். பத்திரிகை வாசித்துக் காட்டும் வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு ஓடிவிடுவான்.

ஒரு நாள் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்க, மருமகள் புதிதாக ஒரு தேன் பாட்டில் எடுத்து வைத்தாள். மேலே ஒட்டியிருப்பதை வாசிக்கச் சொன்னேன்.

"மார்த்தாண்டம் தேன்னு போட்டிருக்கு தாத்தா. புவிசார் குறியீடு பெற்றதுன்னும் போட்டிருக்கு."

"என்னைக்கு அடைச்சதுன்னு தேதி போட்டிருக்கா, பாரு."

"அதெல்லாம் ஒண்ணும் போடல தாத்தா." சொன்னபோதே அவன் குரல் வாசலுக்குப் போய்விட்டது.

அவன் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அதே பதிலை அதே குரலில் நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் தேன் சம்பந்தப்பட்டதுதான். அந்தக் கதையை இதுவரை எழுதியதில்லை. கண்ணாடி மாற்றிக் கொடுத்த பிறகு முதலில் எழுத வேண்டியது இதுதான் என்று தோன்றியது.

நம்ம ஊர்த் தேனுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் வேர் நூறு வருடத்துக்கு முந்தியது. இந்த இடத்துக்குத் தொடுவெட்டி என்ற பெயரே வழக்கத்தில் இருந்த காலம். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராமப் புனரமைப்பு வேலை செய்தார். கோழி வளர்ப்பு, நெசவு, கருப்பட்டி, தேனீ என்று ஏழை வீட்டுக் கொல்லையில் எது நடக்குமோ அதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பணம் கொடுத்து உதவுவதில்லை. அவனவன் தன் காலில் நிற்க வேண்டும், பக்கத்தில் நின்று யோசனை சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. அதுவரை மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் புகை போட்டு, கூட்டையே பிய்த்துப் பிழிந்து தேன் எடுத்த ஊர் இது. ஈயைக் கொல்லாமல், அடையை உடைக்காமல், சட்டம் வைத்த பெட்டியில் தேன் எடுக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

என் அப்பா இளவட்டமாக இருந்தபோது அப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு, பத்து மணிக்கு மேல் தேன்பெட்டி. எங்கள் விளையில் பதினான்கு பெட்டி இருந்தது. அயினிப் பலகையில் செய்தவை. கால் நான்கிலும் எறும்பு ஏறாமல் இருக்கச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரப்பர்த் தேன் என்றால் ரப்பர் பூவில் வருகிற தேன் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. மார்கழி, தை மாதத்தில் ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து புதுக் கொழுந்து வரும். அந்தக் கொழுந்தில் மூன்று இலையும் சேரும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகள் உண்டு. இனிப்பு நீர் அங்கேதான் கசியும். தை முதல் பங்குனி வரை அதுதான் எங்களுக்கு அறுவடை. நல்ல வருடம் என்றால் ஒரு பெட்டியில் எட்டு, பத்து கிலோ தேன் எடுப்பார் அப்பா. 1969ல் நான் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தபோது கட்டிய பணம் முழுவதும் அந்தத் தேன் காசு.

ஆடி மாத மழையில் ஈக்களுக்குத் தீனி கிடைக்காது. அப்போது வீட்டில் நாங்கள் கருப்பட்டிக் காப்பி குடிப்போம். வாங்குகிற கொஞ்சம் சீனியும் பாகாகி ஈக்குப் போகும். அம்மா முணுமுணுப்பார். "அதுங்க குடுத்ததத்தான் அதுங்களுக்குத் திருப்பிக் குடுக்கேன்" என்பார் அப்பா.

1991ம் ஆண்டு வாக்கில் வந்தது அந்த நோய். தாய்லாந்தில் 1976ல் முதலில் கண்டுபிடித்ததால் தாய் சாக்புரூட் என்று பெயர். வைரஸ் நோய், மருந்து கிடையாது. வளர்ந்த ஈக்குப் பார்வைக்கு ஒன்றும் இருக்காது. அறைக்குள் இருக்கும் புழுதான் தண்ணீர் நிறைந்த பை போல ஆகி, தலை மேலே தூக்கியபடி செத்துக் கிடக்கும். புதிய ஈ பிறக்காது, பழைய ஈ வயதாகிச் சாகும், மிச்சம் இருப்பது பெட்டியை விட்டுப் பறந்துவிடும். தென்னாட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கூடுகள் ஒன்றிரண்டு வருடத்தில் அழிந்தன. குமரி மாவட்டத்தில் தேன் வைத்துக் கடன் அடைத்த குடும்பங்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. எல்லார் வீட்டுக் கொல்லையும் ஒரே வருடத்தில் ஊமையாகிவிட்டது.

எங்கள் பதினான்கு பெட்டியும் காலி. அப்பா தினமும் காலையில் போய் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பார். பிறகு அடியைத் துடைத்து மூடி வைப்பார். காலிப் பெட்டிக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவார். அவருக்கு அறுபத்தேழு வயது. எனக்கு முப்பத்தொன்பது. அரசாங்கச் சம்பளம், சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்திருந்தது. வீட்டில் என் சொல்லுக்கு எடை கூடியிருந்த நேரம்.

கடைசித் தங்கையின் கல்யாணம் அடுத்த மாதம். சமையலுக்கு விறகு சேர்க்க வேண்டும். ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன்: "இந்தக் காலிப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தா ஈ திரும்பி வந்துருமா அப்பா? அடுப்புக்காவது ஆவட்டும்."

அவர் பதில் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அவர் சந்தைக்குப் போன நேரத்தில் கோடாலி எடுத்துப் பதினொரு பெட்டியை உடைத்துப் போட்டேன். காய்ந்த அயினி, நன்றாகப் பிளந்தது. தேன் மணம் வந்தது. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அப்பா திரும்பி வந்து குவியலைப் பார்த்தார். குடையை மடக்கி வைத்தார். "மூணு பெட்டி சாய்ப்புல இருக்கு. அதத் தொடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். திட்டவில்லை, அதனால் அது என்னோடு தங்கிவிட்டது.

மூன்று வருடம் கழிந்தது. அப்பா சும்மா இருக்கவில்லை. களியல் பக்கம், பேச்சிப்பாறை போகும் வழி, குலசேகரம் பக்கத்துத் தோட்டங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். "பெட்டியில இருந்ததுதான் செத்துச்சு. காட்டுல, பொந்துல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும். இம்புட்டு நோயிலயும் மிச்சம் இருக்குன்னா அது கெட்டியான ஈ" என்பார். படித்தவர்களும் அதே வழியில்தான் போனார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிழைத்த கூடுகளைத் தேடி எடுத்துப் பெருக்கித்தான் நாட்டுத் தேனீ வளர்ப்பு மீண்டது. இத்தாலி ஈயைக் கொண்டுவந்து வைத்தவர்களும் உண்டு. அப்பா நாட்டு ஈயை விடவில்லை. ஒரு பழைய பிலாமரப் பொந்தில் இருந்து கூடு ஒன்றை எடுத்து வந்து, நான் உடைக்காமல் விட்ட மூன்று பெட்டியில் ஒன்றில் வைத்தார். அடுத்த வருடம் அது இரண்டாகப் பிரிந்தது. இரண்டு, மூன்றானது. நான் பதினான்கையும் உடைத்திருந்தால் அந்தக் கூட்டை எதில் வைத்திருப்பார்?

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

1998 வாக்கில் அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. புரை என்று நினைத்துக் காலம் தாழ்த்திவிட்டோம். கண்ணில் நீர் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப் போயிருந்தது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடத்தில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தது.

ஆனாலும் பெட்டிப் பக்கம் போவதை நிறுத்தவில்லை. கம்பைத் தட்டிக்கொண்டு போய் பெட்டியில் காதை வைப்பார். ராணி இல்லாத கூட்டின் சத்தம் வேறு. அழுகிற மாதிரி இருக்கும் என்பார். ஆனால் உள்ளே எத்தனை சட்டத்தில் புழு இருக்கிறது, மெழுகுப் புழு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் காதால் தெரியாது. அதற்கு என் கண் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி, பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம், வாவுபலிப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. குழித்துறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் உடுத்திக்கொண்டு திண்ணையில் நிற்கிறார்கள். நான் இரண்டு பெட்டியைப் பார்த்தேன். மூன்றாவதன் மூடியை லேசாகத் தூக்கினேன். வாசலில் ஈ போய் வந்துகொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

"மூணாவது எப்படி இருக்கு மக்கா?"

"எல்லாம் நல்லா இருக்குப்பா."

"நடுச்சட்டம் பாத்தியா?"

"பாத்தேன்."

இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது ஈ இல்லை. சிலந்தி வலை போல நூல் படிந்து, அடை முழுவதும் புழு துளைத்துப் பொடியாகிக் கிடந்தது. நான் ஏதாவது சொல்வதற்கு முன்பே அப்பா மூக்கைச் சுளித்தார். மணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரே இரவில் வருகிற மணம் இல்லை அது.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "பாக்கலன்னு சொல்லியிருந்தா வேற ஆள வச்சுப் பாத்திருப்பேன் மக்கா. பாத்தேன்னு சொல்லிட்டியே."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. என்னால் தலை தூக்க முடியவில்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. நான் வேலை பார்த்தது தபால் அலுவலகத்தில். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை தாய்மார்கள் என் ஜன்னல் முன்னால் வந்து மணியார்டர் பாரத்தை நீட்டியிருக்கிறார்கள்! மகன் வெளிநாட்டில் இருந்து எழுதிய கடிதத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன். தொகையை இரண்டு முறை சொல்வேன். ஊர்க்காரர்கள் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னதெல்லாம் அதனால்தான். முகம் தெரியாதவர்களுக்கு அவ்வளவு உண்மையாக இருந்த இந்தக் கண், பெற்ற தகப்பனுக்குப் பொய் சொன்னது. வீட்டில் உள்ளவர்கள்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்ற தைரியம்தான் காரணம். நம்மில் பலரும் நல்ல முகத்தை வெளியாருக்குச் செலவழித்துவிட்டு, மிச்சம் மீதியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம்.

அன்று முதல் நான் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் ஒவ்வொன்றாகத் தூக்கி, பார்த்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியவில்லை என்பேன். "ராணி கண்ணுல படல, ஆனா முட்டை இருக்குப்பா" என்றால், "அப்ப ராணி இருக்கு, விடு" என்பார். பிறந்ததில் இருந்து தேன்பெட்டி நடுவே வளர்ந்தவன், நாற்பத்தேழு வயதில்தான் தேனீயைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், கண் தெரியாத ஒருவரிடம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வாய் திறந்து சொன்னேன்: "அன்னைக்குப் பெட்டியெல்லாம் உடைச்சது தப்புப்பா."

புகைப்பானை ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அந்த விறகுலதான் உன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சோறு வெந்துச்சு. வீணாப் போவல. அடுத்த சட்டத்தத் தூக்கு" என்றார்.

2003ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்போது விளையில் ஒன்பது பெட்டி இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு தேனீ பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். அதில் ஒருவர் கதை என்னை உலுக்கிவிட்டது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துக்காரர், பெயர் ஃபிரான்சுவா யூபே. 1750ல் பிறந்தவர். பதினைந்து வயதில் பார்வை குறையத் தொடங்கி, பிறகு முழுக் குருடானார். அவரைக் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் தகப்பனார் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்தப் பெண் சட்டப்படி தானே முடிவெடுக்கும் வயது வரும் வரை காத்திருந்து, அவரையே கல்யாணம் செய்தார்.

இந்தக் கண் தெரியாத மனிதர்தான் 1792ல் தேனீக்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ராணி ஈ கூட்டுக்கு வெளியே பறக்கும்போதுதான் இணை சேர்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னவர் அவர். கூட்டுக்குள் ஈக்கள் சிறகை வீசிக் காற்றோட்டம் உண்டாக்குகின்றன என்று காட்டியவரும் அவரே. புத்தகத்தின் பக்கம் திருப்புவது போல ஒவ்வொரு சட்டமாகத் திறந்து பார்க்கும் பெட்டி ஒன்றையும் அமைத்தார்.

எப்படி முடிந்தது? அவருக்கு பூர்னென் என்று ஒரு வேலைக்காரர் இருந்தார். பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. யூபே கேள்வி கேட்பார், பூர்னென் பார்த்துச் சொல்வார். ஒருமுறை, வேலைக்கார ஈக்களில் முட்டையிடுவது உண்டா என்று அறிய வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு கூட்டில் இருந்த ஈக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார் பூர்னென். பதினொரு நாள். கொட்டு வாங்கியபடி. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் தவிர வேறு ஓய்வு எடுக்கவில்லையாம்.

யூபேயின் பெயர் உலகம் முழுவதும் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான். ஆனால் பூர்னென் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "எல்லாம் பார்த்தாயிற்று ஐயா, ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் புத்தகமும் பொய்யாகிப் போயிருக்கும்.

ஈக்கள் இந்த விஷயத்தில் நம்மை விட மேல். தீனி கண்டுபிடித்த ஈ கூட்டுக்குத் திரும்பி வந்து ஒரு ஆட்டம் ஆடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த ஆட்டத்தில் இருக்கும். அதைப் புரிந்து சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்பவருக்கு 1973ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், கூட்டுக்குள் இருட்டு. மற்ற ஈக்கள் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. போய் வந்தவள் சொல்லை நம்பித்தான் கிளம்புகின்றன. நம்ப முடியாத சொல்லாக இருந்தால் கூடு பட்டினி கிடக்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை யாரோ ஒருவர்தான் நமக்கு வாசித்துச் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, போனில் என்ன செய்தி வந்திருக்கிறது என்பதையும் இன்னொருவர் கண்ணால்தான் அறிகிறோம். சொல்பவர் பார்த்துச் சொல்கிறாரா, அவசரத்தில் சொல்கிறாரா என்று நமக்குத் தெரியாது. நம்பத்தான் வேண்டும்.

அன்று மாலை பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேன் பாட்டிலை மறுபடியும் கையில் கொடுத்தேன். திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பெட்டி கதையை முழுவதும் சொன்னேன். தன் பூட்டன் காலிப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய இடத்தில் சிரித்தான். மூன்றாவது பெட்டி வந்தபோது சிரிக்கவில்லை.

பிறகு பாட்டிலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் மூடி ஓரத்தில் இருந்தது.

"தேதி இருக்கு தாத்தா. மாசம் தெரியுது. வருஷம் அழிஞ்சு போயிருக்கு, எனக்குச் சரியா தெரியல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேதி கிடைத்ததற்காக இல்லை. தெரியாததைத் தெரியல என்றானே, அதற்காக.